மாடியறையில் ஒரு நாடகாசிரியை: எலிசபெத் இன்ச்பால்டு (1753–1821)

லண்டனில் ஒரு வாடகை வீட்டு வாசல். பிரபுக் குடும்பத்துக் கிரீடச் சின்னம் பொறித்த குதிரை வண்டி ஒன்று வந்து நிற்கிறது. சீருடை போட்ட இரண்டு பணியாட்கள் காத்திருக்கிறார்கள். மாடியில் குடியிருக்கும் ஓர் அம்மாளைக் காற்று வாங்க அழைத்துப் போகத்தான் இந்த ஏற்பாடு. அந்த அம்மாளோ தன் படுக்கையறைத் தரையைத் தேய்த்துக் கழுவிக் கொண்டிருக்கிறார். வேலை முடிந்த பிறகுதான் கீழே இறங்கி வருகிறார். இதைக் கொஞ்சமும் மறைக்காமல் அவரே தோழி ஒருவருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அவர் பெயர் எலிசபெத் இன்ச்பால்டு. நடிகை, நாடகாசிரியை, நாவலாசிரியை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி இருபது வருடங்களில் லண்டன் நாடக அரங்குகளில் அவர் பெயர் தெரியாதவர்கள் குறைவு. எழுத்தில் நன்றாகச் சம்பாதித்தவர். அப்படியிருந்தும் தண்ணீரைத் தானே மாடிக்குத் தூக்கிச் சென்றார், தரையைத் தானே கழுவினார், குளிர்காலத்தில் கணப்புக்கு விறகு வாங்கக்கூட யோசித்தார். சுற்றியிருந்தவர்களில் சிலர் அவரைக் கஞ்சம் என்று நினைத்தார்கள். அந்தப் பணம் எங்கே போயிற்று என்று பார்த்தால் வேறு ஒரு கதை தெரிகிறது. அந்தக் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

திக்கிய நாக்கு

1753 அக்டோபர் 15 அன்று, இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில், பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள ஸ்டானிங்ஃபீல்டு கிராமத்தில் எலிசபெத் சிம்ப்சன் பிறந்தார். அப்பா ஜான் சிம்ப்சன் விவசாயி. நிறையப் பிள்ளைகள் உள்ள கத்தோலிக்கக் குடும்பம். அந்நாளைய இங்கிலாந்தில் கத்தோலிக்கர்கள் சிறுபான்மையினர். அரசுப் பதவி வகிக்கவோ வாக்களிக்கவோ அவர்களுக்கு உரிமை கிடையாது. எலிசபெத்துக்கு ஏழு வயதாக இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அம்மாதான் பண்ணையையும் பார்த்து, பிள்ளைகளையும் வளர்த்தார்.

பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அண்ணன் ஏழு வருடம் பள்ளிக்குப் போயும் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதக் கற்கவில்லை, யாரும் சொல்லித் தராத தங்களுக்கோ சின்ன வயதிலேயே அது வந்துவிட்டது என்று பிற்காலத்தில் எலிசபெத் வேடிக்கையாகக் குறிப்பிட்டதுண்டு. அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து நாடகங்களைச் சத்தமாக வாசிப்பார்கள். பெரி செயின்ட் எட்மண்ட்ஸுக்கு நாடகக் கம்பெனி வந்தால் குடும்பத்தோடு போய்ப் பார்ப்பார்கள். அண்ணன் ஜார்ஜ் நாரிச் நாடகக் கம்பெனியில் நடிகராகவே சேர்ந்துவிட்டார்.

எலிசபெத்துக்கும் அதே ஆசை. ஒரு தடை இருந்தது: அவருக்குத் திக்குவாய். பேசத் தொடங்கினால் சில எழுத்துகள் நாக்கில் ஒட்டிக் கொள்ளும். அதற்கு அவர் கண்ட வைத்தியம் எளிமையானது. எந்தெந்தச் சொற்கள் திக்குகின்றனவோ அவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, எப்போதும் கூடவே வைத்துக் கொண்டு, தனியாக இருக்கும் நேரமெல்லாம் சொல்லிப் பழகினார். திக்கல் முழுவதும் போகவில்லை. ஆனால் மேடைக்கு ஏற ஓரளவு துணிச்சல் வந்தது. நாரிச் கம்பெனி முதலாளிக்கு வாய்ப்புக் கேட்டு எழுதினார். கிடைக்கவில்லை.

1772 ஏப்ரலில், பதினெட்டு வயதில், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கொஞ்சம் துணிமணிகளை எடுத்துக் கொண்டு லண்டனுக்குப் புறப்பட்டுவிட்டார்.

மேடையும் திருமணமும்

தனியாக வந்த அழகான கிராமத்துப் பெண்ணுக்கு லண்டன் எப்படிப்பட்ட வரவேற்பு கொடுத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேடம் தருகிறேன் என்று சொன்ன நாடகக்காரர் ஒருவர் வரம்பு மீறி நடந்து கொண்டபோது, கைக்கெட்டிய சுடுதண்ணீரை எடுத்து அவர் முகத்தில் ஊற்றிவிட்டு எலிசபெத் வெளியேறினார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அந்த ஆண்டு ஜூன் மாதமே ஜோசப் இன்ச்பால்டு என்ற நடிகரை மணந்து கொண்டார். ஜோசப்புக்கு அவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வயது. ஏற்கெனவே பிள்ளைகள் உண்டு. அவரும் கத்தோலிக்கர். காதல் என்பதைவிட, துறைக்குள் ஒரு பாதுகாப்பான இடம் என்றுதான் இந்தத் திருமணத்தைப் பலரும் பார்க்கிறார்கள். செப்டம்பர் 4 அன்று பிரிஸ்டல் நகரில் முதல் மேடையேற்றம். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாகக் கணவர், கடைசி மகள் கார்டீலியாவாக மனைவி.

அடுத்த நான்கு ஆண்டுகள் ஸ்காட்லாந்தில் ஊர் ஊராகச் சுற்றினார்கள். சம்பளம் சொற்பம், பயணம் கடினம். எலிசபெத் தோற்றத்தில் கவர்ந்தார்; வசனத்தில் அந்த அளவுக்கு இல்லை. 1776இல் எடின்பரோவில் பார்வையாளர்களோடு கணவருக்குத் தகராறு வந்து, இருவரும் வேலையை விட்டுப் பிரான்சுக்குப் போனார்கள். அங்கே ஜோசப் ஓவியம் வரைந்து பிழைப்பதாகத் திட்டம். எலிசபெத்துக்குப் பிரெஞ்சு மொழி கற்க ஆசை. சில மாதங்களில் கையிருப்பு தீர்ந்துவிட்டது. பிரைட்டன் துறையில் வந்து இறங்கியபோது சாப்பாட்டுக்கே வழியில்லை. வயலில் பிடுங்கிய டர்னிப் கிழங்கைத் தின்று பசியாறினார்கள் என்று சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் ஒவ்வொரு ஷில்லிங்கையும் எண்ணி எண்ணிச் செலவழித்த பெண்மணியை நினைக்கும்போது இந்த வயல்காட்டையும் நினைத்துக் கொள்ள வேண்டும்.

பிறகு லிவர்பூலில் வேலை கிடைத்தது. அங்கே இரண்டு நட்புகள் அமைந்தன. ஒருவர் சாரா சிடன்ஸ், பின்னாளில் ஆங்கில மேடையின் மிகப் பெரிய துன்பியல் நடிகை என்று பெயர் எடுத்தவர். இன்னொருவர் சாராவின் தம்பி ஜான் ஃபிலிப் கெம்பிள். பாதிரியாராவதற்காகப் படித்து, பாதியில் விட்டுவிட்டு நடிகரானவர். அந்தக் காலகட்டத்திலேயே எலிசபெத் ஒரு நாவலையும் எழுதத் தொடங்கிவிட்டார். அது அச்சேற இன்னும் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

1779 ஜூன் 6 அன்று லீட்ஸ் நகரில் ஜோசப் திடீரென்று இறந்து போனார். எலிசபெத்துக்கு அப்போது இருபத்தைந்து வயது. அதன் பிறகு எத்தனையோ பேர் கேட்டும் அவர் மறுமணம் செய்து கொள்ளவில்லை.

பலூனில் வந்த அதிர்ஷ்டம்

1780 அக்டோபரில் அவர் லண்டன் கோவண்ட் கார்டன் அரங்கில் நடிக்கத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான் கத்தோலிக்கர்களுக்கு எதிராக லண்டனில் பெரிய கலவரம் நடந்து முடிந்திருந்தது. கிடைத்தவை பெரும்பாலும் சின்ன வேடங்கள். வசனமே இல்லாத ஊமைக்கூத்துகளில் கூட்டத்தோடு வந்து நிற்கச் சொன்னபோது மனம் கசந்தார். நடிப்பை நம்பி முன்னுக்கு வர முடியாது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. இரவில் நடிப்பு, பகலில் எழுத்து என்று வைத்துக் கொண்டார்.

அப்போதைய லண்டனில் எல்லோரும் நாடகம் போட்டுவிட முடியாது. ட்ரூரி லேன், கோவண்ட் கார்டன் என்ற இரண்டு அரங்குகளுக்குத்தான் அரச உரிமம். கோடைக்காலத்தில் மட்டும் ஹேமார்க்கெட் அரங்கு திறக்கும். ஒவ்வொரு நாடகமும் முன்கூட்டியே அரசுத் தணிக்கையாளர் கைக்குப் போக வேண்டும். ஹேமார்க்கெட்டை நடத்திய ஜார்ஜ் கோல்மனிடம் எலிசபெத் கொடுத்த நாடகப் பிரதி ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது.

1783இல் பிரான்சில் மோங்கோல்ஃபியே சகோதரர்களின் பலூன் வானில் ஏறியது. ஐரோப்பாவே அண்ணாந்து பார்த்தது. எலிசபெத் அதைப் பிடித்துக் கொண்டார். லண்டன் செருப்புத் தைப்பவர் ஒருவர், அவர் மனைவி, ஒரு போலி வைத்தியர் ஆகிய மூவரும் பலூனில் ஏறித் திசை தப்பி, இந்தியாவில் ஒரு மொகலாய அரசரின் அந்தப்புரத் தோட்டத்தில் இறங்கிவிடுகிறார்கள். அதுதான் ‘எ மோகல் டேல்’ என்ற நகைச்சுவை நாடகம். பெயரை மறைத்து அனுப்பினார். 1784 ஜூலையில் மேடையேறியது.

கொடுங்கோலன் என்று எல்லோரும் பயப்படும் அந்த மொகலாயர் கடைசியில் மூவரையும் மன்னித்து ஊருக்கு அனுப்பி வைக்கிறார். உங்கள் நாட்டார் என் மக்களுக்குச் செய்ததை நான் உங்களுக்குத் திருப்பிச் செய்ய மாட்டேன் என்பதுதான் அவர் சொல்வதன் சாரம். கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் நடத்திய ஆட்சி பற்றி லண்டன் நாடாளுமன்றத்தில் காரசாரமாக விவாதம் நடந்து கொண்டிருந்த சமயம் அது. சிரிக்க வந்த கூட்டத்துக்கு இந்தச் சின்னக் குத்தல் புரியாமல் இருந்திருக்காது.

முதல் நாள் அந்த நாடகத்தில் எலிசபெத்துக்கும் ஒரு வேடம். எழுதியது அவர்தான் என்று பார்வையாளர்களுக்குத் தெரியாது. பதற்றத்தில் பழைய திக்கல் திரும்பி வந்து, தான் எழுதிய வசனமே வாயில் வராமல் மேடையில் தவித்து நின்றார். எப்படியோ சமாளித்தார். நாடகம் வெற்றி. கோல்மன் நூறு கினி கொடுத்து வாங்கிக் கொண்டார். அதோடு, கிடப்பில் போட்டிருந்த பழைய பிரதியையும் எடுத்துப் படித்து, ‘ஐ வில் டெல் யூ வாட்’ என்று தானே பெயர் சூட்டி 1785இல் மேடையேற்றினார். அதுவும் வெற்றி.

எழுத்தின் கூலி

அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள், சொந்தமாகவும் பிரெஞ்சு, ஜெர்மன் நாடகங்களைத் தழுவியும் சுமார் இருபது நாடகங்கள் எழுதினார். 1787இல் வந்த ‘சச் திங்ஸ் ஆர்’ சுமத்ரா தீவில் நடக்கிறது. சிறைக்குள் போய்க் கைதிகளின் நிலையைப் பார்த்து மனம் வருந்தும் ஹாஸ்வெல் என்பவர்தான் நாயகர். அன்று இங்கிலாந்தில் சிறைச் சீர்திருத்தத்துக்காக உழைத்த ஜான் ஹோவர்டை மனதில் வைத்து உருவாக்கிய பாத்திரம் அது. அடுத்த ஆண்டு வந்த ‘அனிமல் மேக்னடிசம்’, காந்தச் சக்தியால் நோய் தீர்க்கிறேன் என்று அப்போது பாரிசிலும் லண்டனிலும் கிளம்பிய வைத்தியர்களைக் கேலி செய்தது. பல ஆண்டுகள் கழித்து நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தன் நண்பர்களோடு அதை நடித்திருக்கிறார்.

அந்நாளில் நாடகாசிரியருக்குப் பணம் வரும் முறை விசித்திரமானது. மூன்றாம் நாள், ஆறாம் நாள், ஒன்பதாம் நாள் வசூலில் அரங்கச் செலவு போக மிச்சம் ஆசிரியருக்கு. நாடகம் இரண்டு நாளில் படுத்துவிட்டால் ஒன்றும் கிடையாது. அச்சு உரிமையைத் தனியாக விற்கலாம். எலிசபெத் இந்தக் கணக்கில் கெட்டிக்காரர். நாடகத்துக்கு நாடகம் முதலாளிகளிடம் பேரம் பேசினார். சில நாடகங்கள் நூற்றுக்கணக்கான பவுன் கொண்டு வந்தன. வந்ததை அரசாங்கப் பத்திரங்களில் முதலீடு செய்தார். 1789இல் நடிப்பை முழுவதுமாக விட்டுவிட்டார். பேச்சுத் திக்கிய ஒரு பெண்ணின் வசனங்களை இனி மற்ற நடிகர்கள் தங்கு தடையில்லாமல் பேசினார்கள்.

இரண்டு நாவல்கள்

லிவர்பூல் நாட்களில் தொடங்கிய நாவல் 1791இல் ‘எ சிம்பிள் ஸ்டோரி’ என்ற பெயரில் நான்கு பாகங்களாக வெளிவந்தது. ராபின்சன் என்ற பதிப்பாளர் 200 பவுன் கொடுத்தார். சில வாரங்களிலேயே இரண்டாம் பதிப்பு தேவைப்பட்டது.

கதையின் முதல் பாதியில் டோரிஃபோர்த் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். இறந்த நண்பரின் மகளான மில்னர், அவருடைய பாதுகாப்பில் வந்து சேர்கிறாள். துடுக்கான பெண். தன் காப்பாளர் மீதே அவளுக்குக் காதல் வருகிறது. குடும்பப் பட்டம் அவருக்கு வந்து சேர, வம்சம் தொடர வேண்டும் என்பதற்காகத் துறவு விரதத்திலிருந்து விடுவிக்கப்படுகிறார். இருவருக்கும் கல்யாணம் நடக்கிறது. இரண்டாம் பாதி பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு தொடங்குகிறது. கணவர் நெடுநாள் வெளிநாட்டில் இருந்தபோது மனைவி தவறிவிட்டாள். வீட்டை விட்டுப் போய் இறந்தும் போகிறாள். மகள் மட்டில்டாவுக்குத் தந்தையின் மாளிகையில் தங்க இடம் கிடைக்கிறது, ஒரு நிபந்தனையோடு: அவர் கண்ணில் ஒருபோதும் படக்கூடாது. ஒரே வீட்டில், ஒரு கூரையின் கீழ், தந்தையின் காலடிச் சத்தத்துக்கு ஒளிந்து வாழும் மகள். பாதிரியார் பாத்திரத்தில் நண்பர் கெம்பிளின் சாயல் இருப்பதாக அன்றிலிருந்தே பேச்சு உண்டு. நாவலாசிரியை மரியா எட்ஜ்வொர்த் இந்தப் புத்தகத்தைப் படித்து உருகி, எலிசபெத்துக்குப் பாராட்டிக் கடிதம் எழுதினார்.

1796இல் வந்த ‘நேச்சர் அண்ட் ஆர்ட்’ அளவில் சிறியது, குத்தலில் பெரியது. வில்லியம் என்ற வசதியான வீட்டு இளைஞன், ஹன்னா என்ற கிராமத்துப் பெண்ணை ஏமாற்றிக் கைவிடுகிறான். அவள் குழந்தையோடு தெருவுக்கு வருகிறாள். வறுமை அவளைக் குற்றத்தில் கொண்டு போய் நிறுத்துகிறது. பல ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் அவள் நிற்கிறாள். நீதிபதி இருக்கையில் அதே வில்லியம். அவளுக்கு அவனைத் தெரிகிறது. அவனுக்கு அவளைத் தெரியவில்லை. மரண தண்டனை விதித்துவிட்டு எழுந்து போகிறான். இந்த ஒரு காட்சிக்காகவே அந்த நாவலைப் படிக்கலாம்.

துணிச்சலும் ஒரு சறுக்கலும்

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இங்கிலாந்தில் எழுத்தாளர்களை அரசு சந்தேகக் கண்ணோடு பார்த்தது. எலிசபெத்தின் நண்பர்களான வில்லியம் காட்வின், தாமஸ் ஹோல்கிராஃப்ட் இருவரும் தீவிரக் கருத்துள்ளவர்கள். மதத்தின் பேரால் நடக்கும் படுகொலையை வைத்து 1792இல் எலிசபெத் ‘தி மாசக்கர்’ என்ற நாடகம் எழுதினார். அவர் வாழ்ந்த காலத்தில் அது மேடையேறவே இல்லை. 1793இல் வந்த ‘எவ்ரி ஒன் ஹாஸ் ஹிஸ் ஃபால்ட்’ நாடகத்தில் விலைவாசி பற்றியும் ஏழ்மை பற்றியும் வரும் பேச்சு ராஜத்துரோகம் என்று அரசு சார்புப் பத்திரிகை ஒன்று எழுதியது. அவர் பத்திரிகை வழியாகவே பதில் சொன்னார். நாடகம் ஓடியது.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. காட்வின் 1797 மார்ச்சில் மேரி வோல்ஸ்டன்கிராஃப்டை மணந்தார். பெண்ணுரிமைக்காக எழுதிய முன்னோடி அவர். அதுவரை வேறொருவரின் மனைவி என்று நினைக்கப்பட்ட மேரிக்கு முறைப்படி திருமணமே ஆகியிருக்கவில்லை என்பது இந்தக் கல்யாணத்தால் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த மாதம் நாடக அரங்கில் எல்லோர் முன்னிலையிலும் எலிசபெத் அவரை அவமதித்தார். அந்த செப்டம்பரில் மேரி பிரசவத்துக்குப் பின் இறந்து போனார். காட்வின் அந்த அவமதிப்பை மறக்கவில்லை. எலிசபெத்தும் தான் செய்தது தவறு என்று ஒப்புக் கொள்ளவில்லை. நட்பு முறிந்தது. தனியாக வாழும் நடிகை ஒருவர், ஊர் வாயில் விழாமல் இருபது வருடம் காத்து வந்த நற்பெயருக்கு இதனால் பங்கம் வருமோ என்று பயந்திருக்கலாம். ஹன்னாவுக்காக நாவலில் கண்ணீர் விட்ட எழுத்தாளருக்கு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் அந்தப் பரிவு வரவில்லை.

125 முன்னுரைகள்

1798இல் ஜெர்மன் நாடகாசிரியர் கோட்சபூவின் நாடகம் ஒன்றை ‘லவர்ஸ் வவ்ஸ்’ என்று தழுவி எழுதினார். எலிசபெத்துக்கு ஜெர்மன் தெரியாது. வரிக்கு வரி செய்யப்பட்ட மொழிபெயர்ப்பு ஒன்றைக் கையில் வைத்துக் கொண்டு, ஆங்கில மேடைக்கு ஏற்ப மாற்றினார். கோவண்ட் கார்டனில் அந்த ஒரு பருவத்தில் மட்டும் 42 இரவுகள் ஓடியது. ஜேன் ஆஸ்டின் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானதாக இருக்கும். ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில் வீட்டுப் பெரியவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து இளைஞர்கள் ஒத்திகை பார்க்கும் நாடகம் இதுதான்.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு இன்னொரு வேலை வந்தது. லாங்மன் பதிப்பகம் ஆங்கில நாடகங்களை ‘தி பிரிட்டிஷ் தியேட்டர்’ என்ற வரிசையாக வெளியிட்டது. 25 தொகுதிகள், 125 நாடகங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னுரை எழுதியவர் எலிசபெத். ஷேக்ஸ்பியர் முதல் தன் காலத்து ஆட்கள் வரை எல்லோரையும் எடை போட்டார். தன் சொந்த நாடகங்களுக்கும் அவரே எழுத வேண்டியிருந்தது. மேடையில் எது எடுபடும், எது வாசிப்பில் மட்டும் நிற்கும் என்பது, திரைக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்தவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பெண் நம்மை விமர்சிப்பதா என்ற முணுமுணுப்பு எழுந்தது. தனக்கு முதல் வாய்ப்புத் தந்த கோல்மனின் மகன், தானும் ஒரு நாடகாசிரியர், கோபித்துக் கொண்டு அச்சிலேயே கடிதம் வெளியிட்டார். எலிசபெத் மரியாதை குறையாமல், ஆனால் விட்டுக் கொடுக்காமல் பதில் எழுதினார். ஆங்கிலத்தில் நாடக விமர்சனத்தைத் தொழிலாகச் செய்த முதல் பெண்களில் ஒருவர் என்ற இடம் அவருக்கு இதனால் கிடைத்தது.

குளிரும் கணப்பும்

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். இவ்வளவு சம்பாதித்தவர் ஏன் அப்படி வாழ்ந்தார்?

கடைசி இருபது ஆண்டுகளில் அவர் குடியிருந்தவை எல்லாம் வாடகை அறைகள்தான். ஒரு சமயம் இருந்த அறை எவ்வளவு சிறியது என்றால், திரும்பும் பக்கமெல்லாம் மேசை நாற்காலியில் இடித்து உடம்பெல்லாம் கன்றிப் போயிற்று என்று சிரித்துக் கொண்டே எழுதுகிறார். குளிர்காலத்தில் பல நாள் கணப்பு மூட்டவில்லை. குளிர் தாங்காமல் அழுதிருக்கிறார். அப்போதெல்லாம் அவர் தன்னைத் தேற்றிக் கொண்ட விதம் இது: உடல்நலமில்லாத என் அக்கா அறையை விட்டு அசைய வேண்டியதில்லை; அவளுக்குக் காலையிலேயே கணப்பு மூட்டியிருக்கும்; சமைத்த சாப்பாடு கைக்கு வந்து சேரும்.

அந்த அக்காவுக்கு எலிசபெத் ஆண்டுக்கு எண்பது பவுன் அனுப்பி வந்தார். தேவை கூடக் கூட, அதை நூறாக உயர்த்த வேண்டி வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். நொடித்துப் போன மற்ற உறவினர்களும் அவர் கையை எதிர்பார்த்தே இருந்தார்கள். பெண்ணுக்கு ஓய்வூதியமோ காப்பீடோ இல்லாத காலம். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. எழுத்து ஓடும் வரைதான் வருமானம். முதலில் கை வைத்தால் வட்டி குறையும், வட்டி குறைந்தால் அக்காவின் கணப்பு அணையும். எனவே சிக்கனம் செய்ய ஓர் இடம்தான் மிச்சமிருந்தது. அது அவருடைய சொந்த அறை. பணக்கார நண்பர்கள் வண்டி அனுப்பினால் ஏறிப் போனார். ஆனால் யாரிடமும் கடன்பட்டு நிற்கவில்லை.

நெருப்பில் போன புத்தகம்

எலிசபெத் தன் வாழ்க்கை வரலாற்றைத் தானே எழுதி வைத்திருந்தார். பதிப்பாளர் ஒருவர் அதற்கு ஆயிரம் பவுன் தரத் தயாராக இருந்தார். முதல் நாவலுக்குக் கிடைத்ததைப் போல ஐந்து மடங்கு. மூப்பில் மதப்பற்று ஆழமாகியிருந்த அவர், தன் பாவமன்னிப்புக் குருவின் யோசனையைக் கேட்டார். அதன்படி அத்தனையையும் நெருப்பில் போட்டுவிட்டார். ஒரு ஷில்லிங்கைக் கூட வீணாக்காத பெண்மணி, தன் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய தொகையைத் தன் கையாலேயே எரித்தார். அதில் என்ன இருந்தது என்பது அவரோடு போயிற்று.

1821 ஆகஸ்ட் 1 அன்று, கென்சிங்டனில், அறுபத்தேழாவது வயதில் இறந்தார். அங்கேயுள்ள செயின்ட் மேரி அபட்ஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் விட்டுச் சென்ற சொத்து ஐயாயிரம் பவுனுக்கு மேல். உயிலைப் பிரித்தபோது உறவினர்கள் பெயர்கள் இருந்தன. வயதான ஏழைக் கத்தோலிக்கர்களுக்கு உதவும் சங்கத்தின் பெயர் இருந்தது. அவருக்குத் துணி வெளுத்துக் கொடுத்த பெண்ணையும், தலை அலங்காரம் செய்து விட்டவரையும்கூட அவர் மறக்கவில்லை.

தன் கதையை எரித்தவர், சின்னச் சின்ன நாட்குறிப்புப் புத்தகங்களை விட்டு வைத்தார். 1833இல் ஜேம்ஸ் போடன் அவர் வரலாற்றை எழுதியது இவற்றையும் கடிதங்களையும் வைத்துத்தான். பதினொரு நாட்குறிப்புகள் இப்போதும் வாஷிங்டனிலுள்ள ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகத்தில் இருக்கின்றன. யார் வந்தார்கள், என்ன படித்தேன், எந்த நாடகம், எவ்வளவு செலவு என்று நாலு வரிக் குறிப்புகள். நம் வீட்டுப் பாட்டிகள் பால் கணக்கும் வண்ணான் கணக்கும் எழுதி வைத்த காலண்டரைப் போலத்தான். ஆனால் யாருக்காகச் சம்பாதித்தார், யாருக்குக் கொடுத்தார் என்பதை அவை சொல்லிவிடுகின்றன.

படிக்க விரும்புவோருக்கு: ‘எ சிம்பிள் ஸ்டோரி’, ‘நேச்சர் அண்ட் ஆர்ட்’ இரண்டும் பதிப்புரிமைக் காலம் முடிந்தவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நீண்ட நாவலுக்கு நேரமில்லை என்றால் இரண்டாவதில் தொடங்குங்கள். நீதிமன்றக் காட்சி வரும் வரை மட்டுமாவது விடாமல் படியுங்கள்.